வானத்து வெடிகள் – 6: பெட்டி சுருங்கிய ஆண்டு

சென்ற பகுதி 1995 ஏப்ரல் 22ஆம் தேதி வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நடந்த விவாதத்தோடு நின்றது. காமாக் கதிர் வெடிப்புகள் நம் பால்வெளியைச் சூழ்ந்த புறவெளியில் அலையும் நியூட்ரான் விண்மீன்களிலிருந்து வருகின்றன என்றார் டொனால்ட் லாம்ப். பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வருகின்றன என்றார் போஹ்டான் பச்சின்ஸ்கி. நடுவர் மார்ட்டின் ரீஸ். வேறுபாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் சொன்ன தொலைவை விட்டு மற்றவர் சொன்னதை எடுத்துக்கொண்டால், வெடிப்பின் ஆற்றலைப் பல கோடி மடங்கு கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டும். ஒரே தரவை வைத்துக்கொண்டு முதல்தர அறிஞர்கள் இருவர் இவ்வளவு விலகி நிற்க முடிந்ததே அந்தத் துறையின் அன்றைய நிலைக்குச் சான்று. அரங்கம் தீர்ப்பு எழுதாமல் கலைந்தது. ஆனால் இரண்டே ஆண்டில், 1997 மே மாதத்தில், வழக்கு முடிந்துபோனது. எப்படி முடிந்தது என்று கேட்டால், ஹவாயின் பெரிய தொலைநோக்கியையும் அது எடுத்த ஒரு நிறமாலையையும் காட்டுவது வழக்கம். அது தவறில்லை, ஆனால் கடைசிக் கட்டத்தை மட்டுமே சொல்கிறது. முப்பதாண்டுப் புதிரை அவிழ்த்தது, ஒரு வெடிப்பின் இடத்தைப் போதிய நுணுக்கத்தோடும் போதிய விரைவோடும் ஒருசேர அடுத்தவர் கைக்குக் கொண்டுசேர்த்த ஏற்பாடு என்பது என் கட்சி. அந்த ஏற்பாட்டின் கதையையும் அதற்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றையும் இந்தப் பகுதியில் பார்ப்போம்.

காமாக் கதிரைச் சாதாரண ஒளியைப்போல ஆடியால் குவிக்க இயலாது. கருவி செய்யக்கூடியதெல்லாம் வந்து மோதும் துகள்களை எண்ணுவதும், எந்த நொடியில் வந்தன என்று குறித்துவைப்பதும்தான். எனவே திசையைக் கணிக்க நேரத்தையே நம்ப வேண்டியிருந்தது. அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை யாராவது மீறுகிறார்களா என்று வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று பதிவு செய்த முதல் வெடிப்பையும், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரே கிளெபெசடெல், இயன் ஸ்ட்ராங், ராய் ஓல்சன் மூவரும் 1973 ஜூனில் 16 வெடிப்புகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையையும் முன்பே விரிவாகப் பார்த்தோம். இடைப்பட்ட ஆறாண்டுத் தாமதத்துக்கு ராணுவ ரகசியமே காரணம் என்று இன்றும் எழுதுகிறார்கள். சுவையான கதை, ஆனால் உண்மை அதைவிடச் சாதாரணமானது. முதலில் பறந்த கோள்களின் கடிகாரங்கள் திசை காணப் போதவில்லை. மேம்பட்டவை பறக்கும்வரை, வெடிப்பு சூரியனிலிருந்தோ பூமியிலிருந்தோ வரவில்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு கோளுக்கும் இன்னொன்றுக்கும் வெடிப்பு வந்து சேர்ந்த நேர வித்தியாசத்திலிருந்து திசையைக் கணக்கிடுவது முறை. கோள்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு துல்லியம். 1970களின் இறுதியில் பயனியர் வீனஸ், வெனேரா 11, வெனேரா 12, ஹீலியோஸ் 2 என்று சூரிய மண்டலம் முழுக்கச் சிதறிய விண்கலங்களைச் சேர்த்து ஒரு வலையே அமைத்துவிட்டார்கள். பஞ்சாங்கத்தில் பாகை, கலை என்று எழுதுவோமே, அந்தக் கணக்கில் சில கலை அளவுக்கு வெடிப்பின் இடத்தை அந்த வலை சுட்டியது. அறுபது கலை ஒரு பாகை. முழுநிலாவின் அகலம் ஏறத்தாழ 30 கலை. வெடிப்பு இதற்குள்தான் நடந்திருக்க வேண்டும் என்று வானத்தில் போடும் எல்லைக்கோட்டைப் ‘பிழைப்பெட்டி’ என்பார்கள். அந்தப் பெட்டி அப்போதே சிறியதாகிவிட்டது. குறை எங்கே என்றால், வெவ்வேறு நாடுகளின் தரைநிலையங்களுக்கு வெவ்வேறு நாளில் வந்துசேரும் பதிவுகளை ஒப்பிட்டுப் பெட்டியைப் போட்டு முடிக்க நாட்களும் வாரங்களும் ஆயின. நொடிகளில் முடிந்த நிகழ்ச்சிக்கு வாரக் கணக்கில் பழைய முகவரி.

இந்தத் தாமதம் கருவிகளோடு நிற்கவில்லை. கருத்துகளையும் அதுவே வடித்தது என்று நினைக்கிறேன். ஆறிப்போன பெட்டிக்குள் தேடுபவர், இன்னும் அங்கே இருக்கக்கூடிய ஒன்றையோ திரும்பத் திரும்ப மின்னக்கூடிய ஒன்றையோதான் தேட முடியும். மங்கி மறைந்துவிடும் ஒன்றைத் தேட அவருக்கு வழியே இல்லை. பிராட்லி ஷேஃபர் 1981இல் செய்தது இதற்கு நல்ல சான்று. 1978 நவம்பர் 19ஆம் தேதி வெடிப்பின் பெட்டி வானத்தில் எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடத்தை முந்தைய ஆண்டுகளில் படம் பிடித்திருந்த ஹார்வர்டின் பழைய ஒளிப்படத் தட்டுகளை எடுத்துப் பார்த்தார். 1928ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றில், மற்றத் தட்டுகளில் இல்லாத ஒரு புள்ளி இருந்தது. வெடிக்கும் பொருள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பும் ஒருமுறை மின்னியிருக்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. திரும்ப வெடிக்க வேண்டுமானால் வெடிப்பில் பொருள் அழியக் கூடாது; அழியாமல் வெடிக்கக்கூடியது பக்கத்திலுள்ள நியூட்ரான் விண்மீன். புள்ளி உண்மையில் விண்ணிலிருந்து வந்ததா, தட்டில் உள்ள பழுதா என்ற ஐயம் பின்னாளில் வலுத்தது. அதற்குள் 1979 மார்ச் 5ஆம் தேதி நிகழ்ச்சி வேறு குழப்பியது. பெரிய மெகலன் மேகத்தில் உள்ள என்49 என்ற பழைய விண்மீன் வெடிப்பு எச்சத்தின் திசையிலிருந்து வந்தது அது. பிறகு அதே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் சிறு வெடிப்புகளும் வந்தன. அது வேறு இனம், மற்ற வெடிப்புகளோடு சேர்க்கக்கூடாதது என்பது தெளிவாகச் சில ஆண்டுகள் பிடித்தன. 1988இல் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் காட்டிய நிறமாலைக் கோடுகளும் வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீனையே சுட்டுவதாகப் படிக்கப்பட்டன. இவ்வளவு சான்றும் ஒரே திசையில் சாய்ந்தபோது, 1986இல் பச்சின்ஸ்கி சொன்ன மாபெரும் தொலைவை விசித்திரமாகப் பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

1991 ஏப்ரல் 5 அன்று கிளம்பிய அட்லாண்டிஸ் விண்ணோடம் கொண்டுபோய் விட்ட காம்ப்டன் ஆய்வகம் மறுபாதியைக் கொண்டுவந்தது. அதன் எட்டு மூலைகளிலும் பொருத்தப்பட்ட பாட்ஸே கருவிகளை ஹண்ட்ஸ்வில்லில் ஜெரால்ட் ஃபிஷ்மன் குழு கட்டியிருந்தது. எட்டில் எந்தக் கருவியில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று ஒப்பிட்டுத் திசையை உடனே ஊகித்துவிடலாம். அந்த ஊகத்தை நொடிகளில் உலகெங்கும் அனுப்பிவைக்க ஸ்காட் பார்தெல்மி ஒரு தானியங்கி அமைப்பையும் ஏற்படுத்தினார். விரைவு வந்துவிட்டது. ஆனால் துல்லியம் பல பாகைக்குச் சரிந்தது. அந்தப் பெட்டிக்குள் முழுநிலாக்களை நூற்றுக்கணக்கில் அடுக்கலாம். ஆயிரக்கணக்கான மங்கிய விண்மீன்களும் பேரடைகளும் அதில் கிடக்கும். பெரிய தொலைநோக்கி ஒன்றின் பார்வைப் பரப்பு சில கலைதான் என்னும்போது, அத்தனை பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு எங்கே திருப்புவது? ஆக, 1991க்குப் பின் வானியலாளர்களிடம் இரண்டு வகை முகவரிகள் இருந்தன: நுணுக்கமானது, ஆனால் காலம் கடந்தது, உடனடியானது, ஆனால் ஊர் பேர் மட்டும் உள்ளது. இரண்டையும் எவ்வளவு சேர்த்துவைத்தாலும் ஒரு வெடிப்பைக்கூடக் கண்ணால் பார்க்க உதவவில்லை.

1996 ஏப்ரல் 30 அன்று கேப் கனாவரலிலிருந்து ஏவப்பட்ட பெப்போசாக்ஸ், இந்தச் சிக்கலைத் தீர்க்கவென்று வடிவமைக்கப்பட்டதல்ல. இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து எக்ஸ் கதிர் வானியலுக்காகக் கட்டிய நடுத்தரச் செயற்கைக்கோள் அது. அதன் பெயரில் உள்ள ‘பெப்போ’, இத்தாலிய இயற்பியலர் ஜூசெப்பே ஒக்கியாலினியின் செல்லப்பெயர். உட்ரெக்ட் ஆய்வகம் செய்துகொடுத்த இரண்டு அகலப் பார்வைக் கேமராக்கள் அதில் எதிரெதிர்த் திசைகளை நோக்கி அமைந்திருந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒழுங்கற்ற துளைகள் நிறைந்த ஒரு தகடு. கீற்றுப் பந்தலின் ஓட்டைகள் வழியே தரையில் விழும் வெயில் புள்ளிகள் சூரியன் சாயச் சாய இடம் மாறுமே, அந்தக் கோலம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தே சூரியன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். இங்கும் அதே கணக்குதான். குவிக்காமலே, பரந்த வானத்தில் எக்ஸ் கதிர் வந்த திசையைச் சில கலைத் துல்லியத்தில் தகட்டின் நிழல் சொல்லிவிடும். வெடிப்பு நடந்திருக்கிறது என்று அறிவிக்கும் வேலையைச் செய்தது இன்னும் வேடிக்கையான உறுப்பு. வேறொரு கருவிக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் தேவையற்ற கதிரைத் தள்ளிவிட நான்கு சீசியம் அயோடைடுப் பலகைகள் மதில்போல் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டு, அகலக் கேமராக்கள் பார்க்கும் அதே திசைகளைப் பார்த்தன. அந்த மதிலையே வெடிப்பு காட்டும் கண்ணாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றிய கோள், ஒவ்வொரு சுற்றிலும் கென்யாவின் மலிண்டி நிலையத்தின் மேலே பறக்கும்போது பதிவுகளைக் கொட்டும். அவை அங்கிருந்து ரோமுக்குப் போகும். சுற்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பாட்ஸேயின் நொடிகளோடு ஒப்பிட்டால் இது மந்தம். விண்கல வலையின் துல்லியத்தோடு ஒப்பிட்டால் இது சாதாரணம். இரண்டிலும் முதலிடம் பெறாத இந்தக் கோள் இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தது.

ஆனாலும் கருவி இருந்தால் மட்டும் போதவில்லை என்பதை முதல் மாதங்கள் காட்டுகின்றன. என் வாதத்துக்கு மிக வலிய சான்று இங்கேதான் கிடைக்கிறது. 1996 ஜூலை 20 அன்று ஒரு வெடிப்பு அகலக் கேமராவில் விழுந்தது. அதைப் பழைய பதிவுகளுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, கோளின் நுண்ணிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளை அந்தத் திசைக்குத் திருப்பியபோது ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிடைத்தது ஒன்றுமில்லை. கருவி குறைபட்டதல்ல, அலுவலக வேலைமுறை குறைபட்டது என்று புரிந்துகொண்ட குழு, இரவும் பகலும் ஆள் இருந்து பதிவுகளைப் பார்க்கும் முறையை ஏற்படுத்தியது. 1997 ஜனவரி 11ஆம் தேதி வெடிப்பில் 16 மணி நேரத்தில் கோள் திரும்பிவிட்டது. மிகப் பொலிவான வெடிப்பு. இருந்தும் பின்னொளி, அதாவது வெடிப்பு முடிந்தபின் மெல்ல மங்கி மறையும் ஒளி, என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. பிப்ரவரி 28இல் எட்டு மணி நேரம். மே 8இல் ஆறுக்கும் குறைவு. ஆறு வாரம், பதினாறு மணி, எட்டு மணி, ஆறு மணி: இந்த நான்கு தடவையும் பறந்துகொண்டிருந்தது அதே செயற்கைக்கோள், அதே கண்ணாடி, அதே கணிப்பொறி. மாறியது மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லும் வேகம் மட்டுமே. முதல் இரண்டில் தோல்வி, பின்னிரண்டில் வெற்றி.

பிப்ரவரி 28 நிகழ்ச்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். உலக நேரம் அதிகாலை 2.58க்கு, ஓரியன் விண்மீன் குழுவின் திசையில், ஏறத்தாழ 80 நொடி நீடித்த வெடிப்பு. அகலக் கேமரா தந்த வட்டம் மூன்று கலை ஆரம் கொண்டது. முழுநிலா முகத்தின் பரப்பில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. எட்டு மணி நேரம் கழித்து நுண்ணிய கருவிகள் அந்த வட்டத்துக்குள் அதற்குமுன் பட்டியலில் இல்லாத ஓர் எக்ஸ் கதிர் மூலத்தைக் கண்டன. மார்ச் 3 அன்று மறுபடி பார்த்தபோது அது இருபதில் ஒரு பங்காக மங்கியிருந்தது. என்ரிகோ கோஸ்டா குழுவின் இந்தக் கண்டுபிடிப்புதான் வெடிப்புக்குப் பின்னொளி உண்டு என்பதற்கு முதல் சான்று. இதற்கிடையில் ஆம்ஸ்டர்டாமின் யான் வான் பாரடைஸ் குழுவுக்கு வட்டத்தின் விவரம் எட்டியது. அவருடைய மாணவர்கள் டைட்டஸ் கலாமாவும் பால் க்ரூட்டும் வேலையில் இறங்கினார்கள். லா பால்மா தீவில் உள்ள 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி அன்றிரவே, வெடிப்புக்கு 21 மணி நேரத்துக்குள், அந்த இடத்தைப் படம் எடுத்தது. மார்ச் 8 அன்று இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் படத்தில் 21.3 பொலிவெண்ணில் ஒரு புள்ளி. இரண்டாவதில் அது இல்லை. பொலிவெண் கூடக்கூட ஒளி மங்கல் என்பது வானியல் வழக்கம். கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் மங்கியது அந்தப் புள்ளி. எட்டே நாளில் அது எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அதே தொலைநோக்கி, அதே வானிலை, அதே ஆட்கள். செய்தி மட்டும் ஒரு வாரம் பிந்தி வந்திருந்தால் அவர்களிடம் இருந்திருப்பது மார்ச் 8ஆம் தேதிப் படம் மட்டும்தான். அதில் வெறும் வானம். விண்கல வலை பதினைந்து ஆண்டுகளாகத் தந்துவந்த வெறும் பெட்டிகள் எல்லாமே இப்படிப்பட்ட மார்ச் 8ஆம் தேதிப் படங்கள்தாம் என்று சொன்னால் அது மிகையாகாது.

பின்னொளி கிடைத்ததுமே தொலைவு தெரிந்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹப்பிள் தொலைநோக்கி மார்ச் 26இலும் ஏப்ரல் 7இலும் எடுத்த படங்களில் மங்கும் புள்ளியை ஒட்டி ஒரு மெல்லிய பரவல் தெரிந்தது. தொலைதூரப் பேரடை என்றனர் பலர். பக்கத்தில் உள்ள வாயு மேகமாக ஏன் இருக்கக்கூடாது என்றனர் சிலர். மிலானைச் சேர்ந்த ஒரு குழு, அந்த இரண்டு ஹப்பிள் படங்களுக்கு இடையில் புள்ளி சற்றே நகர்ந்திருக்கிறது என்றுகூட அறிவித்தது. சில நாளில் கண்ணுக்குப் புலப்படும்படி நகரும் பொருள் மிக அருகில்தான் இருக்க முடியும். லாம்பின் தரப்புக்கு அது உயிர்மூச்சு. அவ்வாண்டு செப்டம்பரில் ஹப்பிள் மறுபடி பார்த்தபோது நகர்வும் இல்லை, பரவல் மங்கவும் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் வழக்கு வேறிடத்தில் தீர்ந்துவிட்டிருந்தது. மே 8 இரவு 9.42க்கு ஒட்டகச்சிவிங்கி விண்மீன் குழுவில் ஒரு வெடிப்பு, பதினைந்து நொடி. கிட் பீக்கில் உள்ள 0.9 மீட்டர் தொலைநோக்கியால் அந்த வட்டத்தை அடுத்தடுத்த இரவுகளில் படம் எடுத்த ஹோவர்ட் பாண்ட், அதற்குள் பொலிவு கூடிக்கொண்டு போகும் ஒரு புள்ளியைக் கண்டார். ஒரு மீட்டர்கூட இல்லாத தொலைநோக்கி என்பதைக் குறித்துக்கொள்ளலாம். மே 11 அன்று மார்க் மெட்ஸ்கரும் கால்டெக் குழுவினரும் ஹவாயின் கெக் 2 தொலைநோக்கியை அந்தப் புள்ளியில் வைத்து நிறமாலை எடுத்தார்கள்.

நிறமாலையில் மக்னீசியமும் இரும்பும் ஒளியை உறிஞ்சிய கோடுகள் இருந்தன. மக்னீசியத்தின் இரட்டைக் கோடு ஆய்வுக்கூடத்தில் 280 நானோமீட்டரை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத புறஊதாவில் விழுவது. இங்கே அது 513 நானோமீட்டரில், பச்சை நிறத்தில் நின்றது. பிரபஞ்ச விரிவால் அலை அவ்வளவு நீண்டிருக்கிறது. செம்பெயர்ச்சி 0.835. ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள். இந்த முடிவின் வலு அதன் அடக்கத்தில் இருக்கிறது. உறிஞ்சும் வாயு நமக்கும் ஒளிமூலத்துக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். ஆகவே மூலம் அந்தத் தொலைவில் இருக்கலாம், அதற்கு அப்பாலும் இருக்கலாம், இப்பால் இருக்கவே முடியாது. அதற்கு மேல் மெட்ஸ்கர் குழு எதையும் கோரவில்லை. மேல் எல்லையாக மட்டும், ஹைட்ரஜன் கோடுகள் தென்படாததை வைத்து 2.3 என்று போட்டார்கள். ஆனால் கீழ் எல்லை ஒன்றே பால்வெளிப் புறவெளிக் கட்சியை இல்லாமல் ஆக்கிவிட்டது. அதே வாரத்தில் டேல் ஃப்ரெய்ல், நியூ மெக்சிகோவின் வானொலித் தொலைநோக்கி வரிசையில் அதே புள்ளியிலிருந்து வானொலி அலை வருவதைக் கண்டார். முதல் சில வாரம் அது விண்மீன் மினுக்குவதுபோல் ஏறி இறங்கியது, பிறகு நிதானப்பட்டது. மினுக்கல் நிற்க வேண்டுமானால் மூலம் அளவில் பெருத்திருக்க வேண்டும். பெருத்த வேகத்தைக் கணக்கிட்டால் ஒளியின் வேகத்தை நெருங்கியது. வெடித்த பொருள் ஒளியின் வேகத்தை ஒட்டி விரிகிறது என்று ரீஸும் பீட்டர் மெசாரோசும் எழுதிவந்த தீக்கோளக் கோட்பாட்டுக்கு இதைவிட நேரடியான ஆதரவு எதிர்பார்த்திருக்க முடியாது.

கோட்பாடு என்றதும் முதல் மறுப்பு வருகிறது. தொலைவை பாட்ஸே ஏற்கெனவே சொல்லிவிட்டதே, பின்னொளி இருக்கும் என்று மெசாரோசும் ரீஸும் 1997 தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்களே. ரோமில் நடந்தது சரிபார்ப்பு மட்டும்தானே என்று கேட்கலாம். பாட்ஸேயின் வரைபடம் உண்மையிலேயே பெரிய சாதனை. 1992இல் 153 வெடிப்புகளோடு வெளியான அது, காம்ப்டன் 2000 ஜூனில் கடலில் இறக்கப்பட்டபோது 2704 வெடிப்புகளுக்கு வளர்ந்திருந்தது. வானத்தின் எல்லாத் திசையிலும் அவை ஒரே சீராகப் பரவியிருந்தன. பால்வெளித் தளத்தை ஒட்டிய சாய்வு துளியும் இல்லை. மங்கலான வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும் இருந்தன. பச்சின்ஸ்கிக்கு இதுவே போதும். ஆனால் லாம்ப் மடமையால் எதிர்க்கவில்லை. விண்மீன் வெடிக்கும்போது உதைத்துத் தள்ளப்பட்ட நியூட்ரான் விண்மீன்கள் பல லட்சம் ஒளியாண்டு அகலப் புறவெளியில் பரவியிருந்தால், உள்ளேயிருந்து பார்க்கும் நமக்கு வானம் அதே சீராகத்தான் தெரியும். அவர் புறவெளியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார் என்பது உண்மை. ஆயினும் எண்ணிக்கையால் மட்டும் அவரைத் தடுக்க வழியில்லை. மறுபக்கம், வலை தந்த சிறு பெட்டிகளுக்குள் தொலைதூரக் கட்சி எதிர்பார்த்த பொலிவான பேரடைகள் காணப்படாதது அவருக்கே சாதகமாக இருந்தது. புள்ளியியல் சாய்வைக் காட்டும். ஒரு வெடிப்பின் தொலைவைச் சொல்லாது. 1994இல் ராபர்ட் நெமிரோஃப் வெளியான விளக்கங்களை எண்ணியபோது நூறுக்கு மேல் இருந்தன. நூறு கோட்பாடு உள்ள துறையில் ஒன்று சரியாக இருப்பது ஆச்சரியமில்லை; எது சரி என்று பிரித்துக்காட்டும் அளவீடுதான் அரிது. மெசாரோசும் ரீஸும் சொன்னதன் பயன், எங்கே பார்ப்பது என்பதைவிட எப்போது பார்ப்பது என்று உணர்த்தியதில்தான் இருந்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது. 10 மீட்டர் கெக் இல்லாமல் நிறமாலை ஏது? சிசிடி உணர்கருவி இல்லாத 1970களில் விரைவு மட்டும் என்ன செய்திருக்கும்? 20 பொலிவெண் அளவில் மங்கிய புள்ளியிலிருந்து கோடுகளைப் பிரித்தெடுக்க அப்படிப்பட்ட தொலைநோக்கி தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மவுனா கேயாவில் முதல் கெக் 1993 முதலும், லா பால்மாவின் ஹெர்ஷல் 1987 முதலும் இயங்கிவந்தன. அந்த ஆண்டுகளில் நாளுக்கொரு வெடிப்பை பாட்ஸே எண்ணிக்கொண்டிருந்தது. கண்ணாடி இருந்தது, ஒளி வந்தது, இரண்டும் சந்திக்கவில்லை. 1999 ஜனவரி 23ஆம் தேதி வெடிப்பு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. கிளெபெசடெல் வேலை பார்த்த அதே லாஸ் அலமோஸில், நான்கு கேனன் கேமரா வில்லைகளைச் சேர்த்துக் கட்டிய ரோட்ஸே என்ற தானியங்கி, பாட்ஸேயின் எச்சரிக்கை கிடைத்ததும் தானே திரும்பி, வெடிப்பு தொடங்கிய 22ஆம் நொடியில் முதல் படம் எடுத்தது. பெட்டி பெரிதானால் என்ன, வில்லையின் பார்வை அதைவிட அகலம். ஒரு நிமிடத்துக்குள் அந்த ஒளி 8.9 பொலிவெண்ணுக்கு ஏறியது. செம்பெயர்ச்சி 1.6; ஒளி 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்தது; அந்தச் சில நொடிகளில் கையில் பைனாகுலர் இருந்த எவரும் அதைப் பார்த்திருக்கலாம். 9 பொலிவெண் 1970களின் தட்டுகளுக்கும் எளிது. அதே வெடிப்பின் பின்னொளியை நைனிடாலின் 104 செ.மீ. தொலைநோக்கியும் பின்தொடர்ந்தது; இரவு உலகைச் சுற்றி நகர்கையில் மங்கும் ஒளியை ஒரு கண்டத்திடமிருந்து அடுத்தது வாங்கிக்கொள்ளும் பழக்கம் அதற்குள் வேரூன்றிவிட்டது. எல்லா வெடிப்பும் அந்த அளவு பொலிவாக எழாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணாடியின் விட்டத்தை விட நொடிகள் மலிவு என்பதை அந்த நான்கு வில்லைகள் நிறுவிவிட்டன.

மூன்றாவது, அதிர்ஷ்டம். இதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே பேச வேண்டும். பெப்போசாக்ஸ் கேமராக்கள் ஒரு நேரத்தில் வானத்தின் சிறு பங்கைத்தான் பார்த்தன. மே 8 வெடிப்பு வட துருவத்துக்கு அருகில், வட கோள ஆய்வகங்களுக்கு மறையாத இடத்தில் விழுந்தது. ஒளியோ வழக்கத்துக்கு மாறாக இரண்டு நாள் ஏறிப் பிறகு இறங்கியது, கெக் வந்து சேரக் காத்திருந்ததுபோல. பின்னொளி கண்ணுக்குரிய ஒளியில் தெரிந்தது ஏறத்தாழப் பாதி வெடிப்புகளுக்குத்தான் என்பதும் பின்னால் தெரியவந்தது. பிப்ரவரி 28 மறுபாதியில் இருந்திருந்தால் கலாமாவும் க்ரூட்டும் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். ஆனால் அதிர்ஷ்டம் என்றால் அது ஒருமுறை வந்து போக வேண்டும். 2002இல் ஓய்வு பெறும்வரை அந்தக் கோள் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெடிப்புகளின் இடத்தைச் சொன்னது. உடனே திரும்பிப் பார்த்தபோதெல்லாம் பெரும்பாலும் எக்ஸ் கதிர்ப் பின்னொளி இருந்தது. பிப்ரவரியில் தவறியிருந்தால் மேயில், மேயில் தவறியிருந்தால் டிசம்பரில். அதிர்ஷ்டம் தேதியைத் தீர்மானித்தது, விடையை அல்ல.

என் வாதம் உண்மையிலேயே இடறும் இடம் ஒன்று உண்டு. இதுவரை சொன்ன எல்லா வெடிப்புகளும் இரண்டு நொடிக்கு மேல் நீடித்தவை. பாட்ஸே பட்டியலில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இருந்த குறுகிய வெடிப்புகள், கடின காமாக் கதிரையே அதிகம் உமிழ்பவை. மென்மையான எக்ஸ் கதிரை நம்பிய பெப்போசாக்ஸின் அகலக் கேமராக்களில் அவை சிக்கவில்லை. எனவே 1997இல் தீர்ந்தது பாதி வழக்கு. மறுபாதிக்கு விரைவு மட்டும் போதவில்லை. வேறு வகைக் கண்ணும் வேண்டியிருந்தது. 2004 நவம்பர் 20 அன்று ஏவப்பட்ட ஸ்விஃப்ட், வெடிப்பைக் கண்டதும் தரையைக் கேட்காமல் தானே திரும்பும்படி கட்டப்பட்டது. 2005 மே 9 அன்று நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கே நீடித்த வெடிப்பு ஒன்றை அது கண்டு, ஒரு நிமிடச் சொச்சத்தில் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியைத் திருப்பியது. கிடைத்தவை 11 ஒளித்துகள்கள். அவை வந்த இடத்துக்குப் பக்கத்தில், புது விண்மீன்கள் பிறப்பது ஏறத்தாழ நின்றுபோன ஒரு முதிய நீள்வட்டப் பேரடை இருந்தது. அந்தப் பேரடையை இந்த வெடிப்பின் வீடு என்று 11 துகள்களை வைத்துச் சொல்லலாமா என்ற சச்சரவு அடுத்த பகுதியில்.